பதினோரு அடி ஒன்பது அங்குலம்

போன் மணி அடித்தது. கன்னியப்பன் பாய்ந்து எடுத்தான்.

"நாலு ரெண்டு! நாலு ரெண்டு! நாலு ரெண்டு!"

அவ்வளவுதான் சேதி. மறுமுனையில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மழைச் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

பேசியவர் கலியமூர்த்தி. வில்லியனூர்ப் பாலத்தின் மூன்றாம் தூணில் வரைந்திருக்கும் அளவுகோலைப் பார்ப்பது அவர் வேலை. பார்த்துவிட்டு அரை மைல் ஓடி, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் போனைப் பிடித்து, எண்ணை மூன்று தடவை கத்துவார். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறார். எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டார். சேர்த்தால் குழப்பம் வரும் என்று அந்தக் காலத்துப் பிரெஞ்சு இஞ்சினீயர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

புதுச்சேரி வெள்ளப் பிரிவு ஆபீசில் கன்னியப்பன் அச்சடித்த பாரத்தில் எழுதினான். மணி எட்டு. நீர்மட்டம் 4.2.

பழைய பாரமாக இருந்தால் தலைப்பிலேயே 'மீட்டர்' என்று பிரெஞ்சில் அச்சடித்திருக்கும். பிரெஞ்சுக்கொடி இறங்கி ஆறு வருஷமாகியும் அந்தப் பாரம் மட்டும் தீராமல் வந்துகொண்டிருந்தது. போன ஐப்பசியில்தான் தீர்ந்தது. புதுப் பாரத்தில் 'நீர்மட்டம்' என்று மட்டும் இருந்தது. யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஆற்றை மீட்டரில் அளக்காமல் வேறு எதில் அளப்பார்கள்? புதுச்சேரியில் பிறந்தவன் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டான்.

ஆனால் இஞ்சினீயர் ஜானகிராமன் புதுச்சேரியில் பிறக்கவில்லை.

அவர் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. வெள்ளப் பிரிவுக்கு அவர்தான் இனி எல்லாம். வந்த அன்றே சுவரில் இருந்த பிரெஞ்சு அட்டவணைகளை எல்லாம் இறக்கச் சொன்னார். 4.50 என்று சிவப்பு மையில் எச்சரிக்கை எழுதிய அட்டையும் அதோடு இறங்கியது. அதற்குப் பதிலாகச் சென்னைக் கோப்பில் இருந்து ஒரு உத்தரவைத் தட்டெழுதி ஒட்டினார்: 'நீர்மட்டம் பதினைந்து அடியைத் தொட்டால் மட்டுமே முகத்துவாரம் வெட்ட அனுமதிச் சீட்டு வழங்கப்படும்.'

கன்னியப்பன் அதைப் படித்தபோது மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். பதினைந்து அடி என்றால் ஏறக்குறைய நாலரை மீட்டர். பழைய எச்சரிக்கையேதான். சரி, எப்படிச் சொன்னால் என்ன என்று விட்டுவிட்டான்.

அவன் விட்டதற்குக் காரணம் உண்டு. வீராம்பட்டினத்துச் செம்படவர் தெருவிலிருந்து பிரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் செய்து, மேசையும் நாற்காலியும் கொண்ட வேலைக்கு வந்த முதல் ஆள் அவன்தான். ஐந்து வருஷமாகத் தற்காலிகக் குமாஸ்தா. அவனை நிரந்தரமாக்கும் உத்தரவு எல்லா மேசையையும் சுற்றி முடித்து, கடைசியில் ஜானகிராமன் மேசையில் ஒரு கையெழுத்துக்காகப் படுத்திருந்தது. அந்த மேசை எந்த உத்தரவை ஒட்டினாலும் கன்னியப்பனுக்கு அது சரியாகவே பட்டது.

நேற்று மாலைகூட ஜானகிராமன் பாரத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏனய்யா கன்னியப்பன், உங்க ஊர் ஆறு பத்து அங்குலம், பதினோரு அங்குலம்னு ஒரு தடவைகூட நிக்க மாட்டேங்குதே? ஒன்பதுலேர்ந்து நேரா அடுத்த அடிக்குத் தாவிடுதே!"

கன்னியப்பனும் சிரித்தான். மேலதிகாரி வேடிக்கை பேசினால், புரியாவிட்டாலும் சிரிக்க வேண்டும் என்பது தற்காலிகக் குமாஸ்தாவின் பாலபாடம்.

ஒன்பது மணிக்கு மறுபடி மணி அடித்தது.

"நாலு அஞ்சு! நாலு அஞ்சு! நாலு அஞ்சு!"

சிவப்பு எண். கன்னியப்பன் பாரத்தை எடுத்துக்கொண்டு இஞ்சினீயர் அறைக்கு ஓட எழுந்தான். அந்த நேரம் பியூன் அம்மாவாசை தட்டெழுத்துத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"முசே, இது பைல்ல சேக்கணுமாம். காலைல மெட்ராசுக்குத் தந்தி போனதோட நகல்."

ஊரே 'சாரு'க்கு மாறிய பிறகும் அம்மாவாசை எல்லோரையும் 'முசே' என்றுதான் கூப்பிடுவான். கன்னியப்பன் தாளைப் பார்த்தான்.

'காலை எட்டு மணி நிலவரம். நீர்மட்டம் நாலு அடி இரண்டு அங்குலம். கவலைக்கு இடமில்லை.'

கன்னியப்பன் மறுபடி உட்கார்ந்தான். கோப்பைப் புரட்டினான். நேற்று: இரண்டு அடி ஆறு அங்குலம். முந்தாநாள்: ஒரு அடி இரண்டு அங்குலம். நாலு நாளாகக் கலியமூர்த்தி மீட்டரில் கத்த, அவன் மீட்டரில் எழுத, இஞ்சினீயர் அடியில் படித்திருக்கிறார். பத்து அங்குலத்தில் ஆறு ஏன் நிற்கவில்லை என்பது இப்போது புரிந்தது; மீட்டர் எண்ணில் புள்ளிக்குப் பின்னால் ஒன்பதுக்கு மேல் கிடையாது. 

"என்னா முசே, மொகம் இப்படி வெளிறிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. மழை."

வாசலில் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறும், தலையில் கோணிப்பையுமாக ஒரு ஆள் படியேறி வந்தான். கன்னியப்பனின் அண்ணன் பக்கிரி.

"தம்பி, எங்கடா சீட்டு?"

பக்கிரி கேட்டது முகத்துவாரச் சீட்டு. வருஷா வருஷம் கோடையில் அலை வந்து ஆற்று வாயில் மணலைக் குவித்து அடைத்துவிடும். வெள்ளம் வருவதற்கு முன் அந்த மணல்மேட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போகும். வெட்டாவிட்டால் திரும்பி வீராம்பட்டினத்துக்குள் வரும். காலங்காலமாக மீனவர்களே நேரம் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் கொஞ்சம் முந்தி வெட்டிவிட்டதால் கடல் உள்ளே ஏறி யாருடைய நெல்லோ உப்பாகிவிட்டது. அன்றிலிருந்து ஆபீஸ் சீட்டு இல்லாமல் மணலில் மண்வெட்டி விழக்கூடாது என்று உத்தரவு. விழுந்தால் பிடிக்க ஒரு போலீஸ்காரர் அங்கேயே குடையோடு நின்றார்.

"நூறு பேரு மம்முட்டியோட குந்திக்கினு இருக்கோம். ஆத்துல வாழ மரம் வேரோட மிதந்து வருது. கூரை ஒண்ணு முழுசா வருது, மேல கோழி நின்னுக்கினு வருது. அந்தக் கோழிக்குத் தெரியுது வெள்ளம்னு, உங்க ஆபீசுக்குத் தெரியலியா?"

"கத்தாதண்ணே. எவ்ளோ நேரம் ஆவும் வெட்ட?"

"மூணு மணி நேரம். வில்லியனூர்த் தண்ணி நம்மகிட்ட வர அஞ்சு மணி நேரம். நீயே கணக்குப் போட்டுக்க, பிரெவே படிச்சவன்தானே? பதினொண்ணுக்குள்ள சீட்டு குடு. இல்லன்னா தெருவுல கட்டுமரம் வுட்டுக்கினு வந்து உன் மேசைமேல கட்றேன்."

கன்னியப்பன் அண்ணனை அழைத்துக்கொண்டு இஞ்சினீயர் அறைக்குள் போனான். தன் வாயால் சொல்ல வேண்டியதை அண்ணன் வாய் சொல்லிவிட்டால் தேவலை என்று ஒரு நப்பாசை.

ஜானகிராமன் பாரத்தைப் பார்த்தார், பக்கிரியைப் பார்த்தார், தரையில் பக்கிரியின் கால் வைத்த சேற்றைப் பார்த்தார்.

"நாலு அடி அஞ்சு அங்குலம். பதினஞ்சு அடிக்கு இன்னும் பத்தடிக்கு மேல இருக்கு. இதுக்குப் போய் ஏன்யா ஓடி வரீங்க?"

"பத்தடியா? ஐயா, நீங்க வந்து ஆத்தைப் பாருங்க!"

"நான் பார்த்தா அது வாய்ச்சொல். கோல் பார்த்தாத்தான் அளவு. அளவு இல்லாம சீட்டு இல்ல. போய் வாங்க."

பக்கிரி வெளியே வந்து தம்பியை ஏற இறங்கப் பார்த்தான். "நீ ஒரு வார்த்த பேசல."

"பேசறேண்ணே. நீ போய் ஆளுங்கள எழுந்து போவாம பாத்துக்க."

"நம்பிக்கினு போறேன்" என்றான் பக்கிரி. நம்பாத மாதிரிதான் இருந்தது.

பத்து மணிக்கு எண் நாலு எட்டானது.

கன்னியப்பன் இந்தத் தடவை தனியாக உள்ளே போனான். கதவைத் தட்டும்போதே பேச வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தான்.

"சார், அந்த அளவுகோல் விஷயமா ஒண்ணு..."

ஜானகிராமன் பேனாவைக் கீழே வைத்தார். "கோல்ல என்ன?"

"அது கொஞ்சம்... நம்ம நினைக்கிற மாதிரி இல்ல சார்."

"தப்பான கோலா?"

"தப்புன்னு இல்ல சார்..."

"தப்பு இல்லன்னா ஏன் சொல்றீர்? தப்புன்னா, அதைப் பராமரிக்க வேண்டிய குமாஸ்தா யாரு? நீர்தானே? நாலு நாளா நான் சென்னைக்கு அனுப்பின தந்தி எல்லாம் தப்புன்னு சொல்ல வரீரா?" ஜானகிராமனின் குரல் மெல்ல இறங்கியது. அவர் குரல் இறங்கினால் ஆபத்து என்று அம்மாவாசை இரண்டாம் நாளே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தான். "உம்ம கோப்பு இதோ இருக்கு. இன்னிக்கு மத்தியானம் கையெழுத்துப் போடலாம்னு எடுத்து வச்சேன். அந்தக் கோல் சரியா இல்லையா? தெளிவாச் சொல்லும்."

கன்னியப்பன் மேசையைப் பார்த்தான். அவன் பெயர் எழுதிய மஞ்சள் கோப்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தம்ளர், அதன் அடியில் வட்டமாக ஈரம். இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் அந்த ஈரம் அவன் பெயரைத் தொட்டுவிடும்.

"கோல் சரியா இருக்கு சார்."

"பின்னே?"

"ஒண்ணுமில்ல சார்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். உண்மையில் அவன் பொய் சொல்லவில்லை. கோல் சரியாகத்தான் இருந்தது. தூண் சரி, கோடு சரி, கலியமூர்த்தியின் கண் சரி, இஞ்சினீயரின் உத்தரவும் சரி. இத்தனை சரிகளும் சேர்ந்து வீராம்பட்டினத்தை மூழ்கடிக்கப் போகின்றன.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போன் அலறியது.

"அஞ்சு! அஞ்சு! அஞ்சு!" அதோடு நிற்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கலியமூர்த்தி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினார். "பாலத்துல நின்னா காலு கூசுது தம்பி! கோலு இன்னும் ஒரு முழந்தான் வெளிய..."

கரகர என்று ஒரு சத்தம் வந்து லைன் செத்தது. எங்கோ கம்பம் சாய்ந்திருக்க வேண்டும்.

கன்னியப்பன் பேனாவை எடுத்தான். '5' என்று எழுதினால் இஞ்சினீயர் ஐந்து அடி என்பார். அவன் கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் அவனுக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது.

இஞ்சினீயருக்கு அடிதானே தெரியும்? அடியிலேயே கொடுத்துவிட்டால்?

யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். எதையும் விளக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இங்கிலீஷ்காரன் அடி என்று ஒன்று வைத்திருக்கிறான், மீட்டருக்கு மூன்றேகாலும் சொச்சமும், உனக்கு அது ஒருநாளும் தேவைப்படாது என்று சொல்லிக் கொடுத்தது நினைவிருந்தது. பெருக்கினான். பாரத்தில் அழகாக எழுதினான்: மணி பதினொன்று. நீர்மட்டம் 16 அடி 5 அங்குலம்.

அவனுக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. பாரத்தையும், தயாராக எழுதி வைத்த முகத்துவாரச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். போகிற போக்கில் ஒரு சபலம். நிரந்தர உத்தரவின் நகல் ஒன்று அவன் இழுப்பறையில் இருந்தது. அதையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான். கையோடு கையாக இரண்டு கையெழுத்து.

ஜானகிராமன் பாரத்தை வாங்கினார். படித்தார். மேல் வரியைப் படித்தார். மறுபடி கீழ் வரியைப் படித்தார். அவர் முகம் வெளுத்தது.

"பத்து மணிக்கு நாலு அடி எட்டு."

"ஆமா சார்."

"பதினொரு மணிக்குப் பதினாறு அடி அஞ்சு."

கன்னியப்பன் அப்போதுதான் இரண்டு வரிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தான்.

"ஒரு மணி நேரத்துல பதினோரு அடி ஒன்பது அங்குலம்!" ஜானகிராமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மழைக்கு இப்படி ஏறாதய்யா. ஆத்துக்கு மேல புதுசாக் கட்டின அணை போயிடுச்சு! அணை உடைஞ்சு போச்சு!"

"சார், அப்படி இருக்காதுன்னு..."

"போனைப் போடும் வில்லியனூருக்கு!"

"லைன் செத்துப் போச்சு சார்."

"வில்லியனூரே போயிருக்கும்!"

அடுத்த பத்து நிமிஷம் அந்த ஆபீஸ் பார்த்திராத வேகம். சென்னைக்குத் தந்தி: அணை உடைந்தது. சீப் கமிஷனர் பங்களாவுக்கு ஆள். ஜனங்கள் தங்க உப்பளம் கிட்டங்கிகளைத் திறக்கச் சொல்லி ஒரு ஆள். ஊரை எச்சரிக்க ஆலைச் சங்கை ஊதச் சொல்லி இன்னொரு ஆள். சங்கு ஊதியது. வெள்ளத்துக்கெல்லாம் சங்கு ஊதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஷிப்ட் மாறிவிட்டது, கடிகாரம்தான் தப்பு என்று நினைத்து, இரண்டாம் ஷிப்ட் தொழிலாளர்கள் சோற்றுத் தூக்கோடு ஆலை வாசலில் போய் நின்றார்கள்.

"இந்த ஊர்லயே ஒசரமான இடம் எது?" என்று கேட்டார் ஜானகிராமன்.

"லைட் ஹவுஸ், முசே" என்றான் அம்மாவாசை.

"கோப்பு எல்லாத்தையும் கட்டு. லைட் ஹவுசுக்குக் கொண்டு போ!"

"உங்க வீட்டுல அம்மா, கொழந்தைங்க..."

"அவங்களையும்தான்யா!"

கன்னியப்பன் ஒரு அடி முன்னால் வந்தான். இப்போது உண்மையைச் சொன்னால் அணை உடையவில்லை என்று தெரிந்துவிடும். அணை உடையவில்லை என்றால் இந்த மனிதர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து விளக்கம் கேட்பார். விளக்கம் முடிய மத்தியானம் மூன்றாகும். காலையில் வாயைத் திறக்காமல் இருந்தது வேலைக்காக. இப்போது வாயைத் திறக்காமல் இருக்க வேண்டியது ஊருக்காக. மொத்தத்தில் அன்றைக்கு வாய் திறக்கும் யோகமே அவனுக்கு இல்லை.

"சார், முகத்துவாரச் சீட்டு. ஒரு கையெழுத்து."

ஜானகிராமன் ஒரு கையால் குடையை எடுத்துக்கொண்டே மறுகையால் பேனாவைத் திறந்தார். கன்னியப்பன் கையில் இரண்டு தாள் இருந்தன. எது மேலே இருக்கிறதோ அதற்குத்தான் கையெழுத்து. இரண்டாவதற்கு அந்த மனிதர் நிற்க மாட்டார் என்பது அவர் கால் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சீட்டுதான் மேலே இருந்தது. கன்னியப்பன் அதை மாற்றவில்லை.

கையெழுத்து விழுந்தது. ஜானகிராமன் போய்விட்டார். மஞ்சள் கோப்பும் அம்மாவாசை தலைமேல் ஏறி லைட் ஹவுசுக்குப் போய்விட்டது.

சைக்கிளை மிதித்த மிதியில் கன்னியப்பனுக்குச் செருப்பு ஒன்று எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. முகத்துவாரத்தில் நூறு பேர் மழையில் குந்தியிருந்தார்கள். குடை பிடித்த போலீஸ்காரர் சீட்டை வாங்கி நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பதினாறு... அடி..." அவர் குடை தானாகவே கீழே இறங்கியது. "பதினாறு அடியா வருது?"

"ஆமாங்க."

"எங்க, ஒரு மம்முட்டி குடு!"

முதல் வெட்டு வெட்டியது போலீஸ்காரர்தான். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. கன்னியப்பனும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினான். ஐந்து வருஷம் பேனா பிடித்த கையில் அரை மணியில் கொப்புளம் வந்தது. ஒரு மணிக்கு ஆறு திரும்பி வந்து ஊரின் முதல் வரிசைக் குடிசைகளில் ஏறிவிட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு நடந்தார்கள். இரண்டு மணிக்கு வெட்டுவாய்க்காலில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. பக்கிரி, "எல்லாரும் கரை ஏறுங்கடா!" என்று கத்தினான். ஏறி முடிப்பதற்குள் இரண்டு பக்க மணலும் சுவர் சாய்வது மாதிரிச் சரிந்தது. ஆறு உறுமிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. வாழை மரம் போனது, கூரை போனது, கூரைமேல் கோழியும் நின்றபடியே போனது.

மாலை நாலு மணிக்கு முதல் வரிசைக் குடிசைகளிலிருந்து தண்ணீர் இறங்கியது. சுவர் ஊறியிருந்தது. ஊர் இருந்தது.

"உன் இஞ்சினீயரு நல்லவருடா" என்றான் பக்கிரி. "கடைசில புரிஞ்சுக்கினாரே."

கன்னியப்பன் கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டான்.

மறுநாள் வெயில் அடித்தது. மூன்றாம் நாள் அணை ஆபீசிலிருந்து தந்தி வந்தது: 'அணை நலமாக இருக்கிறது. உடைந்ததாகச் சொன்னவர் யார்?'

அன்று மத்தியானம் ஜானகிராமன் கன்னியப்பனை அழைத்துக் கதவைச் சாத்தினார். லைட் ஹவுஸ் உச்சியில் நனைந்த கோப்புகள் அறை முழுக்க விரித்துக் காயப் போட்டிருந்தன. உட்கார இடமில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

"வில்லியனூர்ப் பாலத்துக்குப் போயிருந்தேன்."

கன்னியப்பன் தரையைப் பார்த்தான். அங்கே அவனுடைய மஞ்சள் கோப்புதான் காய்ந்துகொண்டிருந்தது. மை கரைந்து, அவன் பெயர் நீல மேகமாகியிருந்தது.

"ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல டேப்பு பிடிச்சுப் பார்த்தேன். மூணேகால் அடி."

"ஆமா சார்."

"உமக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்குக் காலைல ஒன்பது மணிக்கு. சொல்ல வந்தேன் சார். கோல் சரியா இல்லையான்னு கேட்டீங்க. சரியா இருந்துச்சு."

ஜானகிராமன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நாலு நாள் தவறாகப் போன தந்திகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். கன்னியப்பன், ஒரே தாளில் பத்து மணி வரை மீட்டரும் பதினொரு மணிக்கு அடியுமாகத் தான் எழுதிய பாரத்தை எண்ணிக்கொண்டிருந்தான். ஒருவர் தப்பை வெளியே சொன்னால் இன்னொருவர் தப்பும் கூடவே வரும்.

"அணை உடையல" என்றார் ஜானகிராமன் மெதுவாக. "நீர் தப்பா எழுதல."

"நீங்களும் தப்பாப் படிக்கல சார்."

"அப்போ?"

"ஆறுதான் சார் ஏறியிருக்கும்."

ஜானகிராமன் காய்ந்த தாள் ஒன்றைத் தேடி எடுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். 'வில்லியனூர்ப் பாலத்தில் ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் பதினோரு அடி ஒன்பது அங்குலம் உயர்ந்தது. இதுவரை காணாத இயற்கை நிகழ்ச்சி. தக்க நேரத்தில் எடுத்த நடவடிக்கையால் உயிர்ச்சேதம் இல்லை' என்று அறிக்கை போனது. பாராட்டுக் கடிதம் வந்தது. மஞ்சள் கோப்பு புதிதாக நகலெடுக்கப்பட்டுக் கையெழுத்தும் ஆனது. கன்னியப்பன் நிரந்தரமானான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் காணாத நிகழ்ச்சி என்றால் காண வேண்டும் என்று யாருக்காவது தோன்றாதா? தைப் பொங்கல் கழிந்து டெல்லியிலிருந்து கடிதம்: ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு அடி ஏறும் ஆற்றை ஆராய நிபுணர் ஒருவர் வருகிறார். அளவுகோலைப் பார்வையிடுவார்.

ஜானகிராமன் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே மூன்றாம் தூணுக்குச் சாரம் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரன் எழுதிய மீட்டர்க் கோடுகளைக் கலியமூர்த்தி இரும்புத் தகட்டால் சுரண்டினார். அதன்மேல் அடி, அங்குலம் என்று கறுப்புப் பெயின்டில் புதிதாக எழுதினார். சுரண்டச் சுரண்ட அவருக்குத் தன் முதுகையே சுரண்டுவது போல இருந்ததாம். கன்னியப்பனிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்.

நிபுணர் வந்தார். பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தார். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"இந்த ஊர்ல மீட்டர் கோல் இருக்கும்னு நினைச்சு வந்தேனே? பிரெஞ்சுக்காரங்க இருந்த இடமாச்சே!"

"இருந்தது சார்" என்றார் ஜானகிராமன் பெருமையாக. "மாத்திட்டோம். இப்போ அடிதான்."

நிபுணர் தோல்பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். நாடு முழுவதும் இனி மீட்டர். எல்லா ஆற்றுக் கோல்களையும் அடியிலிருந்து மீட்டருக்கு மாற்ற வேண்டும். "இந்தியா பூரா நாங்க மாத்திக்கிட்டு இருக்கோம். ஏற்கெனவே சரியா இருந்த ஒரே கோலை நீங்க அழிச்சிருக்கீங்க."

ஜானகிராமன் ஆற்றைப் பார்த்தார். மாசி மாசத்து ஆறு, கணுக்கால் அளவுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"மீட்டர் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா உங்ககிட்ட?" என்று கேட்டார் நிபுணர்.

"இருக்கார் சார்" என்றார் ஜானகிராமன், திரும்பிப் பார்க்காமலேயே. "நிரந்தரமாவே இருக்கார்."

அடுத்த கார்த்திகைக்குள் தூணில் இரண்டு கோல்கள் இருந்தன. கிழக்குப் பக்கம் அடி, மேற்குப் பக்கம் மீட்டர். அதோடு புது உத்தரவும் வந்தது. எண்ணை மட்டும் சொல்லக்கூடாது. அளப்பவர் பெயர், தேதி, மணி, தூண், பக்கம், அலகு, எண், எல்லாவற்றையும் வரிசையாக மூன்று தடவை சொல்ல வேண்டும். உத்தரவைத் தயாரித்தது நிரந்தரக் குமாஸ்தா கன்னியப்பன். கையெழுத்து ஜானகிராமன்.

கார்த்திகை வந்தது. மழை வந்தது. ஒரு காலை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"நான் வில்லியனூர் அளவுகோல் பார்வையாளர் கலியமூர்த்தி பேசறது. இன்னிக்குத் தேதி பதினெட்டு. மணி பத்து. மூணாம் தூணு. மேக்குப் பக்கம்..." கரகர என்று லைன் இழுத்தது. "எங்க வுட்டேன்? மொதல்லேர்ந்து சொல்லணுமா தம்பி? நான் வில்லியனூர் அளவுகோல்..."

கன்னியப்பனுக்குப் போன வருஷத்து லைன் செத்த சத்தம் காதில் கேட்டது. வாசலில் அண்ணன் பக்கிரி கோணிப்பையோடு வந்து நின்றுகொண்டிருந்தான்.

"அதெல்லாம் வுடுங்க!" என்று கத்தினான் கன்னியப்பன். "வெட்டணுமா வாணாமா? அத மட்டும் சொல்லுங்க!"

மறுமுனையில் கலியமூர்த்தி பழையபடி கத்தினார்.

"வெட்டச் சொல்லு! வெட்டச் சொல்லு! வெட்டச் சொல்லு!"

கன்னியப்பன் போனை வைத்தான். சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டான். எண் எழுதும் இடத்தில் பேனா ஒரு விநாடி நின்றது. போன வருஷம் இஞ்சினீயரைக் கையெழுத்துப் போட வைத்த எண் எது என்று அவனுக்கு இப்போது நன்றாகவே தெரியும்.